பழ ஈயும் நீண்ட ஆயுளும்

கனிந்த வாழைப்பழத்தை ஓரிரு நாள் கூடையில் விட்டுவைத்தால், எள்ளளவே உள்ள ஈக்கள் சில எங்கிருந்தோ வந்து அதனைச் சூழ்ந்துகொள்கின்றன. நாம் தில்லியில் வாழ்ந்தாலும் கொல்கத்தாவில் வாழ்ந்தாலும் அழையாத இவ்விருந்தாளிகள் வரத் தவறுவதில்லை. செந்நிறக் கண்களையுடைய இந்த ஈயை விஞ்ஞானிகள் டிரோசோபிலா என்று அழைக்கின்றனர். ஆயுளை நீட்டிக்க இயலுமா என்று மனிதன் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்விக்கு விடை தேடுவோர் பலர் இச்சிற்றுயிரை நாடுகின்றனர்.

காரணம் எளிது. மனிதரை வைத்து ஆயுளை ஆராயப் புகுந்தால், முடிவு தெரியுமுன் ஆராய்பவரின் ஆயுளே முடிந்துவிடக்கூடும். பழ ஈயோ ஏற்ற வெப்பநிலையில் முட்டையிலிருந்து பத்தே நாட்களில் முழு ஈயாகி, ஏறக்குறைய இரண்டு மாதங்களில் வாழ்ந்து முடித்துவிடுகிறது.

ஈயின் ஆயுளை நீட்டிக்கும் வழிகளில் முதலாவது குளிர். நியூயார்க்கில் ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த லோப், நார்த்ராப் என்னும் இருவர் 1917ஆம் ஆண்டில் இதனை விளக்கினர். 30 பாகை சென்டிகிரேடு வெப்பத்தில் சில வாரங்களே வாழும் ஈ, 10 பாகையில் பல மாதங்கள் வாழ்கிறது. ஆனால் குளிரில் அதன் வளர்ச்சியும் இயக்கமும் மந்தமாகிவிடுகின்றன. விளக்கின் திரியைத் தாழ்த்தினால் எண்ணெய் நெடுநேரம் நிற்பதைப் போன்றது இது. எண்ணெய் மிஞ்சுகிறது, ஒளி குறைகிறது.

இரண்டாவது வழி, தேர்ந்தெடுத்து வளர்ப்பது. மைக்கேல் ரோஸ் என்னும் விஞ்ஞானி, இளம் ஈக்கள் இட்ட முட்டைகளை விலக்கி, முதுமையிலும் உயிரோடிருந்து முட்டையிட்ட ஈக்களின் சந்ததியையே தலைமுறை தலைமுறையாக வளர்த்தார். அவ்வழி வந்த ஈக்கள் மற்றவற்றைவிட நீண்ட நாள் வாழ்ந்தன என்று 1984ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார். ஆயினும் அவை இளமையில் இட்ட முட்டைகள் குறைவு. முதுமைக்குச் சேர்த்த செல்வத்தை இளமையிலிருந்தே எடுக்க வேண்டியிருந்தது என்று கூறலாம்.

மூன்றாவது வழி, உணவைக் குறைப்பது. இங்கிலாந்தின் ஆராய்ச்சியாளர் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு வியப்பிற்குரியது. நிறைந்த உணவில் வளர்ந்த ஈயை இடைவயதில் குறைந்த உணவிற்கு மாற்றினால், இரண்டே நாட்களில் அதன் மரண அபாயம், தொடக்கம் முதலே குறைந்த உணவில் வளர்ந்த ஈயின் அளவிற்கு இறங்கிவிடுகிறது. எனினும் குறைந்த உணவில் வாழும் ஈ இடும் முட்டைகளும் குறைவே. இவ்வாறு ஒவ்வொரு வழியிலும் ஆயுளுக்கு ஒரு விலை உண்டு.

இத்தகைய ஆராய்ச்சியில் ஏமாறுவதும் எளிது. ஒரு மருந்தை உணவில் கலந்ததும் ஈக்கள் அதிக நாள் வாழ்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அது மருந்தின் ஆற்றல்தானா? கசப்புப் பிடிக்காமல் அவை உணவைக் குறைத்துக்கொண்டதன் பயனாகவும் இருக்கலாம் அன்றோ? ஒரு குறிப்பிட்ட மரபணு பழுதுபட்டதால் ஈக்களின் சராசரி ஆயுள் ஏறக்குறைய இரட்டித்தது என்று 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அறிவித்தனர். ஒப்பிடப்படும் இரு கூட்டங்களின் ஏனைய மரபுப் பண்புகளையும் ஒன்றாக்கி 2007ஆம் ஆண்டில் வேறு சிலர் சோதித்தபோது அந்த நீட்சி காணப்படவில்லை. ஒப்பிட எடுத்துக்கொண்ட ஈக்கள் இயல்பாகவே அற்பாயுள் உடையவை எனில், மற்றவை தீர்க்காயுள் பெற்றதுபோல் தோன்றும்.

ஆர்வமுள்ள மாணவர் இந்த உண்மையை வீட்டிலேயே சோதித்தறியலாம். இரண்டு கண்ணாடிக் குப்பிகளும், பிசைந்த வாழைப்பழமும், சிறிது ஈஸ்ட்டும், குப்பியின் வாயை அடைக்கப் பஞ்சும் போதும். ஒரே நாளில் கூட்டிலிருந்து வெளிவந்த, ஒரே பாலைச் சேர்ந்த ஈக்களை இரு குப்பிகளிலும் சம எண்ணிக்கையில் விடவேண்டும். வயிற்றின் நுனி கருமையாக இருப்பது ஆண். இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை ஈக்களைப் புதிய உணவுள்ள குப்பிக்கு மாற்றவேண்டும். இல்லையெனில் உணவு குழைந்து, ஈக்கள் அதில் ஒட்டி மாண்டுபோகும். சோதிக்க விரும்பும் ஒன்றைத் தவிர இடம், வெப்பம், உணவு யாவும் இரண்டிற்கும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். நாள்தோறும் இறந்தவற்றை எண்ணிக் குறித்துவந்தால், எக்கூட்டத்தில் பாதி ஈக்கள் எந்நாளில் மடிந்தன என்பது புலனாகும். ஒரே ஓர் ஈ நெடுநாள் வாழ்ந்தது என்பதால் எதையும் முடிவு செய்யலாகாது.

இந்தச் சிறு பயிற்சியின் பயன் ஈயோடு நின்றுவிடுவதன்று. ஆயுளை வளர்க்கும் லேகியம் என்றும் மாத்திரை என்றும் நம் வீட்டு வாயிலுக்கே வரும் விளம்பரங்கள் எத்தனை! நெடுந்தொலைவில் ஊரில் இருக்கும் முதிய பெற்றோருக்காக, சிரமப்பட்டுச் சேர்த்த பணத்தை அவற்றில் செலவிடத் துணிவோரும் நம்மில் உண்டு. அத்தகைய அன்பை எவரும் குறைகூறார். எனினும் பணத்தை எடுப்பதற்கு முன் நாம் இரண்டு கேள்விகள் கேட்பது நலம். இதனை உண்டவர்களை, உண்ணாத அதே நிலையினரோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களா? இதனால் வரும் தீங்கு யாது? ஈயை நீண்ட நாள் வாழச் செய்தது மனிதரையும் வாழவைக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆனால் ஈயைக் கொண்டு உண்மையைச் சோதிக்கும் முறை மனிதருக்கும் பொருந்தும்.