மருவும் மௌனமும்: கம்மம் தந்த பாடம்

புது தில்லி: பிறப்புறுப்புப் பகுதியில் தோன்றும் மருவைப் பற்றி வீடுகளில் எவரும் வாய் திறப்பதில்லை. சுண்ணாம்பு தடவியும் முடியால் கட்டியும் ரகசியமாகத் தீர்வு தேடுவோரே அதிகம். மருத்துவரிடம் செல்லவிடாமல் தடுப்பது வெட்கம். இதே மருவை உண்டாக்கும் வைரஸுக்கு எதிரான தடுப்பூசி, ஒரு காலத்தில் நாடாளுமன்றத்தையும் உச்ச நீதிமன்றத்தையும் எட்டிய சர்ச்சையானது.

அப்பகுதியில் காணப்படும் எல்லாப் புடைப்புகளும் நோயல்ல, சில இயல்பானவை. மருக்களுக்குக் காரணம் எச்.பி.வி. வைரஸ். அதன் 6, 11 ஆகிய வகைகளே பெரும்பாலான மருக்களை உண்டாக்குகின்றன. இவை புற்றுநோயாவது மிக அரிது. கருப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்கு 16, 18 வகைகளே காரணம். தொற்று ஏற்பட்டுப் பல மாதங்களோ ஆண்டுகளோ கழித்தும் மரு தோன்றலாம் என்பதால், அதை வைத்து வாழ்க்கைத் துணையைச் சந்தேகிப்பதற்கு அடிப்படை இல்லை.

குடியரசுத் தலைவரின் தென்னக இல்லம் அமைந்த போலாரம், அப்போது பிரிக்கப்படாத ஆந்திரத்தில் இருந்தது. அதே மாநிலத்தின் கம்மம் மாவட்டத்தில் 2009 ஜூலையில், 'பாத்' என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுடன் இணைந்து 10 முதல் 14 வயதுவரையிலான சிறுமியருக்கு இத்தடுப்பூசியைச் செலுத்தும் திட்டத்தைத் தொடங்கியது. குஜராத்தின் வதோதராவிலும் இது நடந்தது. பழங்குடியினர் விடுதி மாணவியர் பலர் இதில் சேர்க்கப்பட்டனர்.

சிறுமியர் சிலர் இறந்ததையடுத்து 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்று விசாரணைக் குழு கருதியது. ஆனால், ஒப்புதல் பெற்ற விதம் அதிர்ச்சி அளித்தது. ஆந்திரத்தின் 9,543 ஒப்புதல் படிவங்களில் 1,948-இல் கைநாட்டு மட்டுமே இருந்தது. 2,763-இல் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டிருந்தனர். 2013 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு தனது 72-ஆவது அறிக்கையில் இதைக் கடுமையாகச் சாடியது.

அந்த அறிக்கையை நீதிமன்றம் ஏற்கலாமா என்ற கேள்வி அரசியல் சாசன அமர்வுக்குச் சென்றது. நிலைக்குழு அறிக்கைகளைத் துணைக்கொள்ளலாம், ஆனால் அவற்றின் செல்லுபடியை நீதிமன்றத்தில் எதிர்த்துக் கேள்வி எழுப்ப இயலாது என்று 2018 மே மாதம் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தனர்.

இதற்கிடையே உலக அளவில் தடுப்பூசியின் பாதுகாப்பும் பயனும் உறுதிப்பட்டன. சீரம் நிறுவனத்தின் 'செர்வாவாக்' 2023 ஜனவரியில் அறிமுகமானது. 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைகளுக்கும் எதிரானது என்பதால், புற்றுநோயுடன் மருவையும் தடுக்கவல்லது. எனினும், ஏற்கெனவே உள்ள மருவை இது குணப்படுத்தாது. அதற்கு மருத்துவச் சிகிச்சையே வழி.

கம்மத்தில் கோளாறு ஊசியில் இல்லை; எதற்காக ஊசி போடப்படுகிறது என்பதைப் பெற்றோருக்கு விளக்காமல் விட்டதில்தான் இருந்தது. தடுப்பூசி எந்தப் பள்ளிக்குச் சென்றாலும், தாய்மொழியில் விளக்கமும் பெற்றோரின் கையெழுத்தும் முதலில் செல்ல வேண்டும்.