விமானமா, ஹெலிகாப்டரா?

பைலட் ஆக ஆசைப்படும் பிள்ளைகள் பெரும்பாலும் விமானத்தையே நினைக்கிறார்கள். காரணம் இருக்கிறது. இந்தியாவில் 200 மணி நேரம் பறந்து வணிக பைலட் உரிமம் பெற்றவர்களுக்கு இண்டிகோ, ஏர் இந்தியா போன்ற பெரிய நிறுவனங்களில் வாய்ப்பு உண்டு.

ஹெலிகாப்டர் வேறு உலகம். இடது கை ஏற்ற இறக்கத்தைப் பார்க்க, வலது கை போகும் திசையை நடத்த, இரு கால்களும் வால் விசிறியைக் கட்டுப்படுத்த வேண்டும். அந்தரத்தில் அசையாமல் நிற்கப் பழகுவதற்கே படாத பாடு. கடலில் உள்ள மும்பை ஹை எண்ணெய்த் தளங்களுக்கும் காற்று மெலிந்த கேதார்நாத்துக்கும் ஆட்களைக் கொண்டு சேர்ப்பவர்கள் ஹெலிகாப்டர் பைலட்டுகள்தான். ஆனால் ஒரு மணி நேரப் பயிற்சிக்கே செலவு அதிகம், வேலைகளோ குறைவு. ராணுவத்தில் பறந்து அனுபவம் பெற்றவர்களோடு வேறு போட்டி போட வேண்டும்.

கடன் வாங்கிப் படிப்பவர்களுக்கு விமானமே பாதுகாப்பான வழி. எதுவானாலும், பணம் கட்டுமுன் வணிக பைலட் உரிமத்துக்கான முதல் வகுப்பு (Class 1) மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள்.