வெண்பனிக்குள் எவ்வளவு தண்ணீர்?

ஏழாம் வகுப்பில் அடர்த்தி பற்றிய பாடம். பனிமலைப் படமொன்றைக் காட்டி, "இங்கே ஒரு மீட்டர் உயரத்துக்குப் பனி கிடக்கிறது" என்றேன். "உருகினா எவ்வளவு தண்ணி சார்?" என்றாள் ஒரு மாணவி. "ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறையும்" என்று சொல்லிவிட்டேன். தவறு. பனிக்கட்டியை நினைத்துச் சொன்ன பதில் அது. வெண்பனியிலோ பெரும்பகுதி காற்று. மறுநாள் சர்பத் கடையிலிருந்து ஐஸ் சீவல் வாங்கிப்போய், பீக்கரில் தளர்வாக நிரப்பி உருகவிட்டேன். பாதிகூட வரவில்லை.

படிந்த வெண்பனியின் அடர்த்தியைக் கன மீட்டருக்கு 300 கிலோகிராம் என்று கொண்டால், ஒரு மீட்டர் பனி 300 மில்லிமீட்டர் நீர். புதிதாக விழுந்தது 100 கிலோகிராம் என்றால் 100 மில்லிமீட்டர்தான். வசந்த காலத்தில் ஆற்றில் எவ்வளவு வெள்ளம் வரும், அணையில் எவ்வளவு இடம் விடவேண்டும் என்பதெல்லாம் இந்த எண்ணைப் பொறுத்தவை. குழாயைச் செருகி எடுத்து எடைபோடலாம். ஆனால் அது ஓரிடத்துக்கு மட்டுமே.

பின்லாந்தின் வடக்கே, ஆர்க்டிக் வட்டத்துக்கு அப்பால் சோதன்கிலா என்ற ஊர். அங்கே 2009 முதல் 2013 வரை குளிர்காலங்களில், கோபுரத்தின் மேல் பொருத்திய 'ஸ்னோஸ்கேட்' ராடார் பனியை நோக்கி நுண்ணலைகளை அனுப்பியது. அதிர்வெண் ஏறத்தாழ 9 முதல் 18 கிகாஹெர்ட்ஸ். அலைநீளம் சுமார் 3 முதல் 1.7 சென்டிமீட்டர். உலர்ந்த பனிக்குள் இந்த அலைகள் எளிதில் புகும். வழியில் ஒவ்வொரு பனித்துகளும் சிறிதளவு சிதறடிக்கும். துகள்கள் கூடக்கூட, திரும்பி வரும் எதிரொலியும் கூடும்.

இதில் ஒரு சிக்கல். துகள் பெரிதானாலும் எதிரொலி கூடும், தண்ணீரோ அதேதான். ஆகவே ராடார் இயங்கும்போதே ஆட்கள் பனியில் குழி வெட்டி, துகள்களின் அளவைப் பார்த்துக் குறித்தார்கள்.

வேறொரு வழி நம் வகுப்புக்கே உகந்த கணக்கு. எதிரொலி வரும் நேரத்தை அளப்பது. காற்றில் ஒரு மீட்டர் போய்த் திரும்ப 6.7 நானோ வினாடி. 300 கிலோகிராம் அடர்த்தியுள்ள உலர்பனியில் சுமார் 8.3. பனியின் உயரம் தெரிந்தால், இந்தத் தாமதத்திலிருந்து அடர்த்தியையும் நீரையும் கணக்கிடலாம்.

"அப்ப உருகும்போது அளந்தா சரியா இருக்குமே சார்?" என்றாள் அதே மாணவி. இல்லை. பனி ஈரமானால் நீர் நுண்ணலையை உறிஞ்சிவிடும். அலை சில சென்டிமீட்டருக்கு மேல் இறங்காது. உருகத் தொடங்குமுன் அளந்தால்தான் உண்டு.