தன் உடலிலிருந்தே தனக்கு மாற்று: மூட்டுச் சீரமைப்பும் அதன் விலையும்

மனித உடலின் காயங்களுள் பெரும்பாலானவை தாமாக ஆறும் இயல்புடையவை. தோல் கிழிந்தால் புதுத்தோல் வளர்கின்றது. எலும்பு முறிந்தால் சில வாரங்களில் கூடிவிடுகின்றது. ஆனால் மூட்டுக்குள் எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு இப்பொது விதிக்கு விலக்காகும். அழிந்த குருத்தெலும்பு மீண்டும் வளர்வதில்லை என்பதை 1743ஆம் ஆண்டிலேயே வில்லியம் ஹன்ட்டர் என்னும் மருத்துவர் இலண்டன் ராயல் சங்கத்துக்கு அளித்த கட்டுரையில் எடுத்துரைத்தார். இரண்டரை நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் அவர் கண்ட அடிப்படை உண்மை மாறவில்லை.

உடல் தானாகச் செய்யாததை, அவ்வுடலின் மற்றொரு பகுதியிலிருந்து எடுத்த திசுவைக் கொண்டே செய்துமுடிக்க இயலுமா என்பதே மருத்துவர்கள் எழுப்பிய வினா. இன்று அதற்குப் பல விடைகள் உள்ளன. எனினும், தன் திசு என்பதனால் அதற்கு விலையில்லை என எண்ணுதல் பொருந்தாது. எங்கிருந்து எடுக்கப்படுகின்றது, எடுத்த இடத்துக்கு என்ன நேர்கின்றது, அதனோடு வேறென்ன சேர்க்கப்படுகின்றது ஆகிய மூன்றும் நோயாளி அறிந்திருக்க வேண்டியவை.

ஆறாமைக்குக் காரணம் என்ன?

முழங்கால் மூட்டின் குருத்தெலும்பு பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டர் தடிப்பே உடையது. அதில் இரத்தக் குழாய்களும் இல்லை, நரம்புகளும் இல்லை. நடக்கும்போது அழுந்தியும் விரிந்தும், மூட்டு நீரிலிருந்து அது தன் ஊட்டத்தைப் பெறுகின்றது. இரத்தம் வந்து உறையாத இடத்தில் ஆறுதலின் முதற்படியே தொடங்குவதில்லை. நரம்பு இல்லாமையால் தொடக்கநிலைச் சேதம் வலியாகவும் வெளிப்படுவதில்லை. அடியிலுள்ள எலும்பிற் சிறு துளைகளிட்டு இரத்தம் கசியச் செய்யும் முறை ஒன்று உண்டு. ஆயின், அதனால் உருவாவது பெரிதும் நார்த்தன்மை மிக்க தழும்புத் திசுவே. அது இயற்கைக் குருத்தெலும்பின் வழுவழுப்பையும் உறுதியையும் பெறுவதில்லை.

நாணை எடுத்து நாராக்குதல்

தன் திசுவைப் பயன்படுத்தும் மூட்டு அறுவைச் சிகிச்சைகளுள் மிகப் பரவலானது முழங்காலின் முன்குறுக்குப் பிணைப்புநாரை மீட்டமைப்பதாகும். தொடையெலும்பையும் கீழ்க்காலெலும்பையும் மூட்டின் நடுவே பிணைத்து நிற்கும் இந்நார், விளையாட்டிலோ விபத்திலோ கால் திடீரெனத் திருகும்போது அறுந்துவிடுகின்றது. இங்கிலாந்தின் ஹே குரோவ்ஸ் என்னும் அறுவை மருத்துவர், தொடையின் வெளிப்புறத்துள்ள தடித்த நார்ப்பட்டையின் ஒரு கீற்றைக் கொண்டு இதனைப் புதுப்பித்த முறையை 1917இல் வெளியிட்டார்.

இன்று அதற்கான திசு பெரும்பாலும் மூன்று இடங்களிலிருந்து பெறப்படுகின்றது: முழங்காற் சில்லுக்குக் கீழுள்ள நாணின் நடுப்பகுதி, தொடையின் பின்புறத் தசைகளின் நாண்கள், சில்லுக்கு மேலுள்ள முன்தொடை நாண். இவற்றுள் எதனைத் தேர்வது என்பது அறுவை மருத்துவரின் பழக்கத்தை மட்டும் பொறுத்ததன்று. சில்லுக்குக் கீழுள்ள நாண், இருமுனைகளிலும் எலும்புத் துண்டுகளோடு எடுக்கப்படுவதால் உறுதியாகப் பற்றிக்கொள்ளும். ஆனால், பின்னர் முழங்காலை ஊன்றும்போது வலி ஏற்படுதல் இம்முறையிலேயே கூடுதலாகக் காணப்படுகின்றது. பின்தொடை நாண்களை எடுத்தால் முழங்காலை ஆழமாக மடக்கும் வலிமை ஓரளவு குறையலாம். நாள்தோறும் ஐவேளை ஸுஜூதில் முழங்காலை ஊன்றி, இருப்பில் அதனை முழுமையாக மடக்கும் ஒருவருக்கு இவ்வேறுபாடு சிறிதன்று. ஆகவே, தொழுகையாளி தன் தேவையை அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் எடுத்துரைத்தல் வேண்டும்.

பொருத்தப்பட்ட நாண் உடனே உயிருள்ள நாராகிவிடுவதுமில்லை. முதலில் இரத்தத் தொடர்பற்று நலிந்து, பிறகு புதிய குழாய்களும் செல்களும் புகுந்து, மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தன் அமைப்பை மாற்றிக்கொள்கின்றது. வலி நீங்கிய பின்னும் திசு முதிராதிருக்கும் இக்காலமே ஆபத்தானது. ஏறத்தாழ ஒன்பது மாதங்களுக்கு முன் களம் இறங்க வேண்டாம் என மருத்துவர்கள் வலியுறுத்துவதன் காரணம் இதுவே.

செல்களை வளர்த்து விதைத்தல்

குருத்தெலும்பைப் பொறுத்தவரை இரு வழிகள் குறிப்பிடத்தக்கன. புடாபெஸ்ட்டின் லாஸ்லோ ஹாங்கோடி 1992 முதல் கையாண்ட முறையில், எடை குறைவாகத் தாங்கும் ஓரங்களிலிருந்து சிறு உருளைகளாக எலும்பும் குருத்தெலும்பும் சேர்த்தெடுக்கப்பட்டு, பழுதுற்ற இடத்தில் பதிக்கப்படுகின்றன. எடுக்கும் இடமே சிறிதாதலால் சிறு குழிகளுக்கே இது ஏற்றது.

மற்றொன்று சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் 1987இல் முதன்முதலாக மனிதரிடம் செய்யப்பட்டது. நோயாளியின் குருத்தெலும்பிலிருந்து ஒரு சிறு துணுக்கு எடுக்கப்பட்டு, அதன் செல்கள் ஆய்வகத்தில் சில வாரங்கள் பெருக்கப்பட்டன. பின்னர் இரண்டாம் அறுவையில், கீழ்க்காலெலும்பின் மேலுறையிலிருந்து வெட்டிய சவ்வால் குழி மூடப்பட்டு, அதனடியில் அச்செல்கள் செலுத்தப்பட்டன. பிரிட்பெர்க், பீட்டர்சன் ஆகியோரின் குழுவினர் 23 நோயாளிகளின் முடிவுகளை 1994இல் வெளியிட்டனர். தொடையெலும்பு முனையிற் பழுதுற்றிருந்த 16 பேரில் 14 பேர் நல்ல பயன் கண்டனர். முழங்காற் சில்லிற் பழுதுற்றிருந்த 7 பேரில் இருவரே அவ்வாறு கண்டனர். செல்கள் ஒரே தன்மையனவாயினும், அவை நடப்படும் இடம் வேறாகும்போது பயனும் வேறாகும் என்பதை இம்முடிவு உணர்த்திற்று.

ஃபிக்ஹு நோக்கில்

அன்று இஸ்லாமிய மாநாட்டு அமைப்பு என வழங்கிய நிறுவனத்தின் சர்வதேச ஃபிக்ஹு அகாடமி, 1988 பிப்ரவரியில் ஜித்தாவிற் கூடிய நான்காம் அமர்வில் இப்பொருளைத் தொட்டுத் தீர்மானம் இயற்றியது. ஒருவரது உடலின் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு உறுப்பையோ திசுவையோ மாற்றுதல் ஆகுமானது; ஆனால், விளையும் நன்மை அதனால் நேரும் தீங்கைவிட மிகுதியாயிருத்தல் வேண்டும் என்பது அதன் சாரம். எடுத்த இடத்தின் இழப்பையும் நிறுத்துப் பார்க்கச் சொல்லும் இந்நிபந்தனை, மருத்துவரின் கணக்கோடு முற்றிலும் ஒத்திருப்பது நோக்கத்தக்கது.

இன்னொரு நுட்பமும் உண்டு. 2016 டிசம்பரில் அமெரிக்க அரசின் ஒப்புதல் பெற்ற ‘மாசி’ என்னும் முறையில், நோயாளியின் செல்கள் பன்றியிலிருந்து பெறப்பட்ட கொலாஜன் சவ்வின்மீது பரப்பப்பட்டுப் பொருத்தப்படுகின்றன. செல் தன்னுடையது, அதனைத் தாங்கும் சவ்வு தன்னுடையதன்று. பொருளின் தன்மையே மாறிவிடும் ‘இஸ்திஹாலா’, இன்றியமையாமையைக் குறிக்கும் ‘ளரூரத்’ ஆகிய கோட்பாடுகளின் அடிப்படையில் அறிஞர்கள் இத்தகைய பொருள்களை ஆராய்கின்றனர். அவர்களது கருத்துகள் ஒன்றுபட்டவையல்ல. மாற்று வழி உண்டா என்பதே ளரூரத்தைத் தீர்மானிக்கும் முதற்கேள்வியாதலால், 2017இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒப்புதலளித்த, அந்நியச் சவ்வின்றிச் செல்களையே சிறு உருண்டைகளாக வளர்த்திடும் முறையும் அறிந்துகொள்ளத்தக்கது.

எல்லை எது?

இச்சிகிச்சைகள் எல்லா முழங்கால் வலிக்கும் மருந்தல்ல. சுற்றிலும் நலமான குருத்தெலும்பு சூழ்ந்திருக்க, நடுவே ஓரிடத்திற் பழுதுற்ற மூட்டுக்கே அவை பயன்படுகின்றன. முதுமையில் மூட்டு முழுதும் தேய்ந்தவருக்கு உடற்பயிற்சி, எடைக் குறைப்பு, முற்றிய நிலையிற் செயற்கை மூட்டு ஆகியனவே வழிகளாக உள்ளன. பிணைப்புநார் அறுந்த அனைவருக்கும் அறுவை வேண்டியதுமில்லை; தசைப் பயிற்சியாலேயே இயல்பு வாழ்க்கைக்குத் திரும்புவோர் பலர்.

தன்னுடலிலிருந்து தனக்கே மாற்றுப் பெறுதல் ஓர் உறுப்பு மற்றோர் உறுப்புக்குக் கொடுக்கும் கடன் போன்றது. கடன் வாங்குமுன் அதன் அளவையும் திருப்பும் வழியையும் கேட்டறிவது அறிவுடைமை. இங்கும் அவ்வாறே கேட்டறிந்து இசைவளிப்பது நோயாளியின் உரிமை மட்டுமன்று, தன் உடலுக்கு அவன் ஆற்ற வேண்டிய கடமையுமாகும்.