30 நிமிடமா, 36 நிமிடமா: ஒரு சிம்பொனியின் கணக்கு

பியானோவின் நடுவில் 261.6 ஹெர்ட்ஸ் கட்டையை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால், அடுத்த கட்டையான சுத்த ரிஷபம் 277.2. இரண்டையும் சேர்த்து அழுத்தினால் நொடிக்குச் சுமார் பதினாறு விம்மல் எழும், காது கூசும். இங்கிலாந்து இசையமைப்பாளர் ரேஃப் வான் வில்லியம்ஸ் தன் நான்காம் சிம்பொனியை இந்த இரண்டு ஸ்வரங்களையும் உரக்க மோதவிட்டுத்தான் தொடங்குகிறார்.

பாட்டு வகுப்பில் சரளி வரிசை பாடும் பிள்ளைக்கு இந்த நெருக்கம் புதிதல்ல. மாயாமாளவகௌளையில் முதல் அடியே தம்புராவின் ஷட்ஜத்துக்கு மேல் சுத்த ரிஷபம்தான். ஆனால் அந்த ரிஷபம் உடனே காந்தாரத்துக்கு ஏறிவிடும். வான் வில்லியம்ஸ் ஏறவிடாமல் நிறுத்தி அழுத்துகிறார். அந்த அழுத்தத்தை எவ்வளவு நேரம் தாங்கவைப்பது என்பதில்தான் நடத்துனருக்கு நடத்துனர் வேறுபடுகிறார்கள்.

முதல் அரங்கேற்றம் 1935 ஏப்ரல் 10, லண்டன் குவீன்ஸ் ஹால். நடத்தியவர் ஏட்ரியன் போல்ட். 1937 அக்டோபர் 11 அன்று பிபிசி சிம்பொனி குழுவை வைத்து வான் வில்லியம்ஸே ஒலிப்பதிவு செய்தார். தட்டு 4, பக்கம் 8, நேரம் சுமார் 30 நிமிடம். பக்கத்துக்கு நான்கு நிமிடம்கூட வரவில்லை. 12 அங்குலத் தட்டில் அதற்கு மேலும் இடம் உண்டு. தட்டு போதாமல் ஓடினார் என்று சொல்ல முடியாது. அந்த வேகம் அவர் விரும்பியது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

1965இல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கோடு நடத்துனர் பெர்ன்ஸ்டைன் எடுத்துக்கொண்டது சுமார் 36 நிமிடம். ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். குழுவின் சுபாவம் என்றும் ஒதுக்க முடியாது. அதே குழு 1956இல் நடத்துனர் மித்ரோபவுலோஸ் கையில் ஆசிரியரின் வேகத்தை ஒட்டியே வாசித்தது. பெர்ன்ஸ்டைனிடம் ஒவ்வொரு மோதலும் தனித்தனியாகத் துலங்குகிறது, கனம் கூடுகிறது. ஆனால் கோபம் ஆறிப்போகிறது. என் ஓட்டு 1937க்குத்தான்.

அந்தப் பழைய தட்டில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. இரண்டாம் பகுதி தனிப் புல்லாங்குழலில் முடியும். கடைசி ஸ்வரம் அதில் மத்திமம். பிற்காலத்தில் ஆசிரியரே அதை அரை ஸ்வரம் இறக்கி அந்தர காந்தாரமாக்கினார். மத்திமம் இளைப்பாறுகிறது, காந்தாரம் அந்தரத்தில் தொங்குகிறது. தாளில் ஒரே ஒரு புள்ளி மாற்றம்தான், ஆனால் பத்து நிமிட இசையின் முடிவே மாறிப்போகிறது.

ஒரே இசைக்குறிப்புக்குள் இத்தனை இருப்பது பல ஒலிப்பதிவுகள் இருப்பதால்தான் தெரிகிறது. நம் சிம்பொனிக்கும் அந்த வாய்ப்பு வேண்டும். இளையராஜா 34 நாட்களில் எழுதியதாகச் சொன்ன ‘வேலியன்ட்’ சிம்பொனியின் நான்கு பகுதிகளும் 2025 மார்ச் 8 அன்று லண்டனில் மிக்கேல் டாம்ஸ் நடத்த முதன்முறையாக ஒலித்தன. அதை இன்னும் நாலு நடத்துனர்கள், நாலு குழுக்களோடு, தங்கள் வேகத்தில் பதிவு செய்ய வேண்டும். எந்த இடத்தில் யார் நிமிடத்தைக் கூட்டுகிறார், யார் குறைக்கிறார் என்று நாமும் உட்கார்ந்து ஒப்பிட்டுக் கேட்க வேண்டும்.