நல்ல படம் எடுப்போம்

உங்கள் வீட்டுச் சுவரில் யாருடைய படம் மாட்டியிருக்கிறது? சாமி படம் இருக்கும். அதன் பக்கத்தில் தாத்தா படம் அல்லது பாட்டி படம் இருக்கும். சந்தனப் பொட்டு வைத்து, மாலை போட்டிருப்பீர்கள். அந்தப் படம் எப்போது எடுத்தது? யோசித்துப் பாருங்கள்.

சித்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு பெரியவர் இறந்து போனார். பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் வேண்டும் என்று வீட்டார் தேடினார்கள். பெட்டியில் தேடினார்கள். பரணில் தேடினார்கள். ஒரே ஒரு படம் கிடைத்தது. அது ஒரு கல்யாணப் படம். அதில் இருபது பேர் நின்றார்கள். பெரியவர் கடைசி வரிசையில் நின்றார். முன்னால் நின்றவரின் தோள் அவருடைய தாடையை மறைத்தது.

அந்த முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினார்கள். படம் மங்கலாக வந்தது. அவருடைய மனைவி அதை வாங்கிப் பார்த்தார். "இது அவர் மாதிரியே இல்லையேப்பா" என்றார்.

படம் ஏன் மங்கியது? கூட்டப் படத்தில் ஒரு முகம் புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். அதில் பதிந்திருக்கும் விவரம் கொஞ்சம். எவ்வளவு பெரிதாக்கினாலும் இல்லாத விவரம் வராது. கைப்பிடி மாவில் பத்துப் பேருக்குத் தோசை சுட முடியுமா? அது போலத்தான்.

ஆகவே, பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே தனியாக ஒரு நல்ல படம் எடுக்க வேண்டும். இதற்கு ஸ்டுடியோவுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. நம் வீட்டு வாசலே போதும். இப்போது பல வீடுகளில் செல்போன் இருக்கிறது. அதில் கேமராவும் இருக்கிறது. எப்படி எடுப்பது என்று தெரிந்து கொள்வோம்.

வெளிச்சம் பார்ப்போம்

படம் என்பது வெளிச்சம் செய்யும் வேலை. வெளிச்சம் சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

உச்சி வெயிலில் எடுக்காதீர்கள். சூரியன் தலைக்கு மேல் இருந்தால் கண்குழியில் நிழல் விழும். மூக்கின் கீழும் நிழல் விழும். கண் கூசி முகம் சுருங்கும். காலை வெயில் நல்லது. மாலை வெயிலும் நல்லது.

பகலில் எடுக்க வேண்டுமா? நிழலுக்கு வாருங்கள். திண்ணை ஓரம் நல்ல இடம். வீட்டுச் சுவரின் நிழலும் நல்ல இடம். முகம் வெளிச்சம் வரும் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். மரத்தடியில் எடுத்தால் ஒன்றைக் கவனியுங்கள். இலைகளின் நடுவே வெயில் புகுந்து முகத்தில் புள்ளி புள்ளியாக விழும். அடர்ந்த நிழலாகப் பார்த்து உட்கார வையுங்கள்.

முதுகுக்குப் பின்னால் பளிச்சென்ற வெயில் இருந்தால் முகம் கறுத்துப் போகும். அப்போது இடத்தை மாற்றுங்கள். அல்லது செல்போன் திரையில் முகத்தின் மேல் ஒரு முறை விரலால் தொடுங்கள். பல போன்களில் முகம் தெளிவாகும்.

பின்னால் என்ன இருக்கிறது?

நாம் முகத்தை மட்டும் பார்க்கிறோம். கேமரா எல்லாவற்றையும் பார்க்கிறது. தலைக்குப் பின்னால் மின்கம்பம் இருந்தால், தலையிலிருந்து கம்பம் முளைத்தது போல இருக்கும். கொடியில் காயும் துணியும் படத்தில் வரும். இரண்டு அடி தள்ளி நின்றால் போதும். கம்பம் படத்தை விட்டுப் போய்விடும். வெள்ளையடித்த சுவர், வைக்கோல் போர், வயல் ஆகியவை நல்ல பின்னணி.

எதைச் சேர்ப்பது? எதை விடுவது?

ஒரு படத்தில் எவ்வளவு உடம்பு தெரிய வேண்டும்? இதை எடுக்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும்.

முகம் முக்கியம் என்றால் நெஞ்சு வரை எடுங்கள். சுவரில் மாட்ட இதுவே நல்லது.

கையில் இருப்பதும் தெரிய வேண்டும் என்றால் இடுப்பு வரை எடுங்கள். பூக்கட்டும் பாட்டிக்கு இது ஏற்றது.

புடவை, வேட்டி, நிற்கும் இடம் எல்லாம் தெரிய வேண்டும் என்றால் கால் வரை எடுங்கள். பாதத்தை விட்டுவிடக் கூடாது.

மூட்டு இருக்கும் இடத்தில் வெட்டக் கூடாது. கழுத்து, முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் ஆகிய இடங்களில் படம் முடிந்தால், உறுப்பு அறுந்தது போலத் தோன்றும். முழங்காலுக்குச் சற்று மேலே முடியுங்கள். அது கண்ணுக்கு உறுத்தாது.

தலைக்கு மேலே கொஞ்சம் இடம் விடுங்கள். நிறைய விட்டால் ஆள் பள்ளத்தில் நிற்பது போல இருக்கும். பக்கவாட்டில் பார்க்கிறாரா? அவர் பார்க்கும் பக்கம் அதிக இடம் விடுங்கள்.

நெருங்கிப் போய் எடுக்கலாம். ஆனால் மூன்று அடிக்குள் போக வேண்டாம். மிகவும் நெருங்கினால் மூக்கு பெரிதாகவும் காது சிறிதாகவும் தெரியும். நான்கைந்து அடி தள்ளி நின்று எடுங்கள். ஓரத்தில் வேண்டாததைப் பிறகு வெட்டிக் கொள்ளலாம். வெட்டிய படத்தைத் தனியாக வையுங்கள். முழுப் படத்தை அழிக்க வேண்டாம்.

எப்படி நிற்பது?

பழைய படங்களில் எல்லோரும் விறைப்பாக இருப்பார்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள். ஏன் தெரியுமா? புகைப்படக் கலை 1839-ஆம் ஆண்டு உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அந்தக் காலத்தில் ஒரு படம் பதிய வெகு நேரம் ஆகும். அசைந்தால் படம் கெட்டுவிடும். தலை ஆடாமல் இருக்கப் பின்னால் இரும்புத் தாங்கி வைப்பார்கள். இன்று கண் இமைக்கும் நேரத்துக்குள் படம் பதிந்துவிடுகிறது. ஆனாலும் கேமராவைப் பார்த்ததும் நாம் விறைத்துப் போகிறோம்!

உடம்பைச் சற்றுத் திருப்பி நில்லுங்கள். முகம் மட்டும் கேமராவைப் பார்க்கட்டும். தோளைத் தளர்த்துங்கள். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லையா? கைக்கு ஒரு வேலை கொடுங்கள். முறம், கூடை, பேரக்குழந்தை, எதுவும் இருக்கலாம்.

வயதானவரை நிற்க வைக்காதீர்கள். நாற்காலியில் உட்கார வையுங்கள். "கையை மடியில வச்சுக்கோங்க பாட்டி. இந்த வருஷம் மல்லாட்டை எப்படி?" என்று கேளுங்கள். அவர் பேசத் தொடங்குவார். முகம் மலரும். அப்போது எடுங்கள்.

கேமரா கண் உயரத்தில் இருக்கட்டும். உட்கார்ந்தவரை எடுக்க நீங்களும் உட்காருங்கள். குழந்தையை எடுக்க மண்டியிடுங்கள். மேலிருந்து எடுத்தால் குழந்தை குள்ளமாகத் தெரியும்.

திருப்பதிக்குப் போனால்

திருமலைக் கோயிலுக்குள் கேமராவும் செல்போனும் கொண்டு போகக் கூடாது. வெளியில்தான் படம் எடுக்க முடியும்.

திருப்பதி ஊருக்குள் கோவிந்தராஜ சுவாமி கோயில் இருக்கிறது. அதன் ராஜகோபுரம் ஏழு நிலை கொண்டது. பலர் கோபுரத்தை ஒட்டிப் போய் நிற்கிறார்கள். முழுக் கோபுரமும் வர வேண்டும் என்று படம் எடுப்பவர் பின்னால் போய்க்கொண்டே இருக்கிறார். கடைசியில் ஆட்கள் எறும்பு போலத் தெரிகிறார்கள்.

இதை மாற்றிச் செய்யுங்கள். குடும்பத்தைக் கோபுரத்திலிருந்து வெகுதூரம் தள்ளி நிறுத்துங்கள். நீங்கள் குடும்பத்துக்கு அருகில், ஐந்தாறு அடியில் நில்லுங்கள். போனை நெட்டாகப் பிடியுங்கள். இடுப்பு வரை எடுங்கள். இப்போது முகமும் தெரியும், கோபுரமும் வரும். ஆட்களைச் சற்று ஓரமாக நிறுத்துங்கள். இல்லாவிட்டால் கோபுரம் தலைக்கு மேல் கிரீடம் வைத்தது போல இருக்கும்.

சந்திரகிரிக் கோட்டையில் ராஜா மகால் இருக்கிறது. அங்கும் இதே முறைதான்.

மொட்டை போட்டவரை வெயிலில் நிறுத்தினால் தலை பளபளக்கும், முகம் மங்கும். நிழலில் எடுங்கள். தலையில் சந்தனம் பூசியிருந்தால் பளபளப்பு குறையும்.

தலக்கோனா அருவிப் பக்கம் பாறை வழுக்கும். மலைப்பாதை ஓரம் பள்ளம் இருக்கும். படத்துக்காகப் பின்பக்கமாக நகராதீர்கள். ஒரு படத்தைவிட உயிர் பெரிது.

அட்டைக்கு வேண்டிய படம்

1993-ஆம் ஆண்டு தேர்தல் ஆணையம் படம் போட்ட வாக்காளர் அட்டையைக் கொண்டுவந்தது. அதன் பிறகு நமக்குப் பல அட்டைகள் வந்துவிட்டன. இவற்றுக்கு வேண்டிய படம் வேறு வகை. பாஸ்போர்ட் அளவுப் படம் பொதுவாக 3.5 சென்டிமீட்டர் அகலம், 4.5 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். முகம் நேராக இருக்க வேண்டும். கண் திறந்திருக்க வேண்டும். நெற்றியில் முடி விழக் கூடாது. பின்னால் வெள்ளையாக இருப்பது நல்லது. இங்கே திரும்பி நிற்பதும் சிரிப்பதும் உதவாது. ஆளை அடையாளம் காண்பதுதான் இந்தப் படத்தின் வேலை.

சில பேச்சுகள்

"படம் எடுத்தால் ஆயுள் குறையும்" என்பார்கள். "மூன்று பேர் சேர்ந்து நின்றால் ஆகாது" என்பார்கள். முகத்தில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான் கேமராவில் பதிகிறது. நம் உடம்பிலிருந்து எதுவும் போவதில்லை. பயப்பட வேண்டாம்.

ஆனால் ஒன்று. ஒருவரைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். எடுத்த படத்தை அவரைக் கேட்காமல் மற்றவருக்கு அனுப்பாதீர்கள்.

படத்தைப் போனிலேயே விட்டுவிடாதீர்கள். போன் தொலையலாம், கெட்டுப் போகலாம். ஸ்டுடியோவில் கொடுத்துத் தாளில் போட்டு வாங்குங்கள். பின்பக்கம் பெயர், ஊர், தேதி எழுதுங்கள். உங்கள் கையாலேயே எழுதுங்கள்.

செய்து பாருங்கள்

1. உங்கள் வீட்டில் தனிப் படம் இல்லாத பெரியவர் யார்? அவர் பெயரை எழுதுங்கள்.

2. அவரை எந்த இடத்தில், எந்த நேரத்தில் உட்கார வைத்துப் படம் எடுக்கலாம்? எழுதுங்கள்.

3. அவர் கையில் என்ன இருந்தால் அவராகவே தெரிவார்? அவரிடமே கேளுங்கள்.

இந்த வாரமே அந்தப் படத்தை எடுங்கள்.