கத்திரி முடியும், வெயில் முடியாது

பள்ளி விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து பெரியவர்கள் தில்லிக்கு வந்து இறங்கும் காலம் இது. கும்பகோணத்திலிருந்து வந்திருக்கும் என் தாயார் மறுநாளே காலண்டரைப் புரட்டி, "இருபத்தெட்டோட கத்திரி போயிடும்டா, அப்புறம் என்ன பயம்?" என்றார். சென்னைக்கே இந்தக் கணக்கு சில வருடங்களில் பொய்த்துவிடுகிறது. கடற்காற்றுக்கு வழியே இல்லாத தில்லிக்கு அது அறவே ஒத்துவராது.

நமக்குக் கத்திரி முடியும் தறுவாயில்தான் வடக்கத்தியர்களுக்கு 'நௌதபா' தொடங்குகிறது. மே 25 வாக்கில் சூரியன் ரோகிணியில் புகுந்ததிலிருந்து ஒன்பது நாள். நாம் ரோகிணி முதல் பாதத்தோடு கணக்கை முடித்துக்கொள்கிறோம். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி மாமி அங்கேதான் எண்ணவே தொடங்குகிறார். இந்த ஊரைப் பொறுத்தவரை என் ஓட்டு மாமிக்குத்தான். சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 47.2 டிகிரி பதிவானது 1944 மே 29 அன்று. 2024இல் 46.8 டிகிரியைத் தொட்டதும் அதே மே 29தான்!

இனி வரும் வாரங்கள் பெரும்பாலும் இப்படித்தான் போகும். ஜூன் முதல் பாதியில் ராஜஸ்தான் பக்கமிருந்து 'லூ' என்கிற வறண்ட அனல் காற்று. நடுவே மேற்கத்திய இடையூறு ஒன்று எட்டிப்பார்த்தால் ஆந்தி, புழுதி, நாலு தூறல், இரண்டு நாள் நிம்மதி. இந்தக் கட்டத்தில் வெட்டிவேர்த் தட்டி வைத்த கூலர் நன்றாகவே வேலை செய்யும்.

பிறகு காற்று கிழக்கே திரும்பும். வங்கக் கடல் ஈரம் வந்து சேரும். பகல் வெப்பம் இரண்டு மூன்று டிகிரி இறங்கியதும் 'வெயில் தணிந்தது' என்று நமக்கும் தோன்றும். நான் அஞ்சுவது இந்த நாட்களுக்குத்தான். வியர்வை காயாது, கூலர் வெறும் மின்விசிறி ஆகிவிடும், இரவும் குளிராது. 2024 ஜூன் 19 அன்று சஃப்தர்ஜங்கில் குறைந்தபட்ச வெப்பநிலையே 35.2 டிகிரி. பகலில் வாடிய உடம்பு இரவில்தான் தேற வேண்டும்; அந்த இரவே இல்லையென்றால் வயதான இதயம் என்ன செய்யும்? அந்த ஆண்டு ஜூன் 28 அன்று ஒரே நாளில் 228.1 மில்லிமீட்டர் மழை கொட்டிய பிறகுதான் ஊர் மூச்சுவிட்டது. தில்லிக்குப் பருவமழை வரும் சராசரி நாள் ஜூன் 27 என்பது 2020இல் வானிலைத் துறை திருத்தி அமைத்த கணக்கு. ஆக, கத்திரிக்குப் பிறகு முழுதாக ஒரு மாதம் பாக்கி.

வானிலைத் துறை வியாழக்கிழமைதோறும் அடுத்த இரண்டு வாரங்களுக்கான முன்னறிவிப்பை வெளியிடுகிறது. அதிகபட்ச வெப்பத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். குறைந்தபட்சம் எவ்வளவு, காற்றில் ஈரப்பதம் எவ்வளவு, இந்த இரண்டும்தான் பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு முக்கியம். அந்த எண்கள் நிழலில், காற்றோட்டமான வெள்ளைப் பெட்டிக்குள் அளந்தவை என்பதும் நினைவிருக்கட்டும். மேல்மாடி பர்சாத்தியின் கதை வேறு. பகலெல்லாம் வாங்கிய சூட்டைத் தளம் விடியும்வரை திருப்பித் தந்துகொண்டிருக்கும். கீழ்த்தளத்தில் சொந்தக்காரரோ நண்பரோ இருந்தால் அந்தச் சில இரவுகளுக்குப் படுக்கையை அங்கே மாற்றிவிடுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

வயதானவர்களுக்குத் தாகம் தெரியாது. கேட்டுக் கொடுப்பதற்குப் பதில் மணிக்கொரு தரம் மோரோ, உள்ளூர்க்காரர்களின் மாங்காய்ப் பன்னாவோ கையில் கொடுத்துவிடுங்கள். இரத்த அழுத்தத்துக்கும், நீர் பிரியவும் மாத்திரை சாப்பிடுபவர்கள் ஜூன் பிறக்குமுன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. உடம்பு கொதித்து, பேச்சு குழறினாலோ தடுமாறினாலோ ஈரத்துணியால் உடம்பு முழுவதும் நனைத்து, விசிறியபடியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் தண்ணீர் ஊற்றாதீர்கள்.